கோடு இறங்கிய வருஷம்

எங்கள் ஊரில் குரவை என்றால் அக்காதான். தாலி ஏறும்போதும், பெரியபிள்ளையான பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்கும்போதும், கோயிலில் திரை விலகும்போதும் எங்கள் பக்கத்துப் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் நீண்ட ஒலிதான் குரவை. எல்லோரும் போடுவார்கள். ஆனால் அக்கா தொடங்கினால் மற்றவர்கள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்க, அவள் மட்டும் போய்க்கொண்டே இருப்பாள். வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் மற்ற ஊர்களிலிருந்தும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். "ஏன்கா, உங்கட ஊர்ல நாக்குள்ள பொம்பிளைகள் இல்லியா?" என்று வந்தவளை ஒரு கடி கடித்துவிட்டு, உடனே சேலை மாற்றப் போய்விடுவாள்.

ஊரில் உள்ள அத்தனை கல்யாணத்துக்கும் குரவை போட்டவளுக்குத் தன் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. அவளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் தையல் மெஷினோடு அவளும், பள்ளிக்கூடத்துக் கொப்பிகளோடு நானுமாக இருந்துவிட்டோம். எனக்கு அதில் கோபம் உண்டு. அவளுக்கு இல்லை. கோபப்படும் வேலையை முழுதாக என்னிடமே விட்டுவிட்டாள்.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள். சனம் ஒரு பொருளை வேண்டும் என்று நினைப்பதும், அதை வாங்கக் கையில் வழி இருப்பதும் சேர்ந்ததைத்தான் எங்கள் பாடத்தில் கேள்வி என்போம். எல்லாருடைய வேண்டும்களையும் கூட்டினால் நாட்டின் மொத்தக் கேள்வி. அது ஏறினால் உற்பத்தி ஏறும், வேலை ஏறும், வருமானம் ஏறும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். புகை ஏறும் என்று பாடத்திட்டத்தில் இல்லை. அதை நான் எங்கள் வீட்டு வேலிக்கு மேலால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் செங்கல் அறுத்துச் சுடும் வாடி. முறைக்கு எங்களுக்கு மச்சானான ஒருவருடையது. அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அது ஊருக்குப் போதுமான ஒற்றைச் சூளை. மாரிக்கு முன்னே ஒரு தரம், மாரி முடிய ஒரு தரம் சுடுவார்கள். சூளை எரியும் நாட்களில் உடுப்புகளை உள்ளே காயப்போடுவோம், அவ்வளவுதான் தொந்தரவு. நாட்டில் சண்டை ஓய்ந்து, வாவிக்கு மேலால் பாலம் வந்தபிறகு கதை மாறிவிட்டது. முன்பு லொறி வந்தால் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வரவேண்டும். இப்போது நேரே வாடி வாசலுக்கு வந்து நின்றது. வீட்டுத்திட்டத்துக்குக் கல். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கிறவர்கள் இங்கே எழுப்பும் மாடிகளுக்குக் கல். கடற்கரையில் வெள்ளைக்காரருக்குக் கட்டும் ஹோட்டலுக்குக் கல். கொழும்பில் வங்கி வட்டி இறங்கினால் எங்கள் வேலிக்கு அப்பால் புகை ஏறும். உன்னிச்சைப் பக்கத்துக் காட்டிலிருந்து விறகு உழவு இயந்திரத்தில் வந்து மலையாகக் குவியும். ஒரு சூளை ஆறுவதற்குள் அடுத்ததில் நெருப்பு.

அக்காவுக்கு முட்டு என்கிற மூச்சிரைப்பு வந்தது அந்த வருஷங்களில். முதலில் இரவில் இருமல். பிறகு எனக்குச் சோறு கொண்டுவந்தபோது மாடிப்படி ஏற முடியவில்லை என்றாள். எங்கள் ஊரில் மாடிப்படி எங்கே இருக்கிறது, பள்ளிக்கூடத்தில்தான். பிறகு தையல் மெஷினை மிதிக்கும்போதே மூச்சு இரைந்தது. சந்தியில் உள்ள டொக்டர் வாயில் அடித்து இழுக்கும் பம்ப் எழுதித் தந்தார். பெரியாஸ்பத்திரி டொக்டர் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் விறகு வைக்கிறீர்களா என்று கேட்டார். கேஸ் அடுப்பு என்றோம். அப்படியென்றால் வீட்டுக்குக் கிட்ட என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். அவர் ஒன்றும் எழுதவில்லை. அதற்கு எழுத மருந்து இல்லை.

குரவை குறைந்துகொண்டே வந்தது. கல்யாண வீடுகளில் தொடக்கிக் கொடுத்துவிட்டு விட்டுவிடுவாள். பிறகு கல்யாண வீடுகளுக்கே போகவில்லை. கூப்பிட வருகிறவர்களிடம் தையல் வேலை கிடக்கு என்பாள். அம்மன் கோயில் குளிர்த்திக்கு மட்டும் விடாமல் போவாள். போய்க் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் நிற்பாள்.

குளிர்த்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் அம்மன் கோயில் வருஷம் முழுக்கப் பூட்டித்தான் இருக்கும். வைகாசியில் கதவு திறந்து ஒரு கிழமை சடங்கு. அம்மன் கோபக்காரி, ஊரையே எரிக்கக்கூடியவள் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் கடைசி நாள் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீருமாகக் பூசை செய்யும் கட்டாடியார் பாடிப் பாடி அவளைக் குளிர வைப்பார். ஒவ்வொரு இடத்திலும் பாட்டு நிற்க, பெண்கள் குரவை போடவேண்டும். கதவு திறந்த நேரத்திலிருந்து குளிர்த்தி முடியும்வரை ஊரில் யாரும் எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டார்கள். சூளைக்கும் நெருப்பு வைப்பதில்லை. அம்மன் குளிர வேண்டிய கிழமையில் ஊர் சூடேறக்கூடாது. வருஷத்தில் அந்த ஒரு கிழமை எங்கள் வீட்டு வளவில் சாம்பல் விழாது. அம்மனுடைய நெஞ்சுக்குத் தருகிற மரியாதையை அக்காவுடைய நெஞ்சுக்கும் யாராவது தந்தால் என்ன என்று நான் எரிந்து விழுவேன். "அவவுக்குக் கோயில் இரிக்கு புள்ள, எனக்கு என்ன இரிக்கு?" என்று அக்கா சிரிப்பாள். சிரித்தால் இருமுவாள்.

பிறகு டீசல் இல்லாத வருஷம் வந்தது.

நாட்டிடம் டொலர் தீர்ந்துபோனது. எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காசுக்குக் காத்து நின்றன என்று ரேடியோவில் சொன்னார்கள். பெற்றோல் ஷெட்டுகளில் சனம் பாயோடு போய்ப் படுத்தது. கேஸ் இல்லை, பால்மா இல்லை, முந்தின போகத்தில் உரம் இல்லாமல் வயல் வட்டையில் நெல்லும் இல்லை. கரண்ட் வருவது அதிசயம், போவது வழக்கம் என்றாயிற்று. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளுக்குப் பணவீக்கத்தின் வகைகளைப் படிப்பித்தேன். அதைப்போலக் கேவலமான வேலை நான் செய்ததில்லை. பம்பும் முடிந்துகொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் இல்லை என்றார்கள். ஏறாவூரில் தெரிந்த பார்மசி, அங்கேயும் இல்லை. சைக்கிளில் வாவிக்கரையோரம் வீட்டுக்கு வரும்போது, இந்த மாதம் அக்கா முடிந்துவிடுவாள் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன். யாருக்குச் செய்தி சொல்லவேண்டும் என்பதுவரை நினைத்தேன்.

வாடி நின்றுபோயிருந்தது. சீமெந்து கிடைக்காதபோது கல்லை வைத்து என்ன செய்வது? லொறிக்கு டீசல் இல்லை. கட்டுகிறவனும் இல்லை. அறுத்து அடுக்கிய பச்சைக்கல் ஒரு மழையில் கரைந்து மறுபடி களிமண்ணானது. வேலையாட்கள் வாவியில் வலை வீசப் போனார்கள். மச்சான் வேலியில் சாய்ந்து நின்று வெறும் சூளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் முருங்கை மரத்தடியில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தேன், அக்காவைக் கிட்ட விடவில்லை.

எனக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. தெரிந்தது காதுக்குத்தான். ஒரு பின்னேரம் கொப்பி திருத்திக்கொண்டிருக்கிறேன், தையல் மெஷின் ஓடுகிறது, நிற்கவில்லை. வழமையாக ஒரு முழம் தைத்தால் நிற்கும், இரைப்பு அடங்கியபிறகு தொடங்கும். அன்றைக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தால் பழைய சேலையைக் கிழித்துத் தலையணை உறை தைத்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு.

"என்ன புள்ள, பேயப் பாத்தமாரி நிக்காய்?"

"பம்ப் எங்க அக்கா?"

"தலகணிக்குக் கீழ கிடக்கு. அடிச்சுக் கனநாள். தேவப்படல்ல."

பம்பை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே மருந்து இருந்தது. நான் ஏறாவூர் முழுக்கத் தேடித் திரிந்த மருந்து தலையணைக்குக் கீழே சும்மா கிடந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சொன்னால் என்ன என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தினாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னோடு சத்தம் போட்டது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோதுதான் அவள் இருமாமல் கத்துகிறாள் என்பது எனக்கு உறைத்தது.

அந்த வைகாசிச் சடங்குக்கு ஒலிபெருக்கி இல்லை, மின்குமிழ் இல்லை. தூரத்துச் சனம் நடந்தே வந்தது. குத்துவிளக்குகள்தான். குளிர்த்தி அன்று பொழுது கிளம்பும் நேரம் கட்டாடியார் பாடி நிறுத்தினார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து அக்கா தொடங்கினாள். மெதுவாகத்தான். பிறகு அது எழும்பியது. முன்னே நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்து வழி விட்டார்கள். அவள் போட்டுக்கொண்டே நடந்து முன்னுக்குப் போனாள். மற்றக் குரவைகளெல்லாம் ஓய்ந்தபிறகும் அது வாவியைத் தாண்டிப் போனதாக அக்கரையில் வலை இழுத்தவர்கள் பிறகு சொன்னார்கள். நான் அழுதேன். மூக்கு ஒழுக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் இல்லாமல் அழுதேன்.

நாடு படுத்துக் கிடந்த அந்த மாதங்கள் எனக்கு வாழ்க்கையில் நல்ல மாதங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் செருப்பால் அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். பக்கத்து வீடுகளில் இரண்டு நேரம் சாப்பிட்டார்கள். சில வீடுகளில் ஒரு நேரம்.

கப்பல்கள் திரும்ப வந்தன. சீமெந்து வந்தது. நாடு எழும்புது, நாடு எழும்புது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் மறுபடியும் குழப்படி செய்யத் தொடங்கினார்கள், சாப்பிட்ட பிள்ளைகள்தானே குழப்படி செய்யும். ஒருநாள் மச்சான் குளித்துத் திருநீறு பூசி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பெரிய மச்சாள், நாளைக்குச் சூளைக்கு நெருப்பு வெக்கப்போறன். மெய்யாச் சொல்றன், இனி ஏலாது எண்டு கிடந்த வாடி. உங்கட குரவையோட வெச்சா எனக்கு ஒரு தைரியம்."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அவள் சரி என்று தலையாட்டினாள். அவர் போனபிறகு என்னென்னவோ சொன்னேன். உனக்கு விஷம் வைக்கிறவனுக்கு நீயே குரவை போடுகிறாயா என்று கேட்டேன். அக்கா தையல் ஊசியில் நூலைக் கோத்தாள்.

"அந்த வாடியில வேல செய்ற பொம்பிளைகள் என்னெட்டச் சட்டை தைக்கக் குடுத்துக் கனகாலம் புள்ள," என்றாள். "அதுகளும் காசு கண்டு தைக்கக் குடுக்கட்டும். மூச்சு இரிக்கக்குள்ள ஒருக்காப் போட்டுட்டு வாறனே."

போய்ப் போட்டாள். சூளை வாயில் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, அந்தக் கற்பூரத்திலிருந்தே பந்தம் பிடித்து நெருப்பு வைத்தார்கள். அக்காவின் குரவை முழு நீளத்துக்கும் போனது. வேலைப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்கும் வாழையிலையில் சர்க்கரைப் புக்கை தந்தார்கள். நல்ல நெய் விட்ட புக்கை. சாப்பிட்டேன்.

அதுதான் அவள் போட்ட கடைசிக் குரவை.

அதற்கு அடுத்த வருஷம், வந்தாறுமூலைக் கம்பஸில் பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். யன்னல்களைப் பூட்டி ஏசி போட்ட மண்டபம். ஒரு இளம் விரிவுரையாளர் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று நாட்டின் வருமானம். மற்றது நாடு காற்றில் விடும் காபன். இரண்டும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறின. வருமானம் தடுக்கினால் காபனும் தடுக்கியது, அது எழும்பினால் இதுவும் எழும்பியது. கடைசிக்குக் கிட்ட இரண்டும் ஒரே இடத்தில் தொப்பென்று ஒரு பள்ளத்தில் விழுந்து கிடந்தன.

"இது நமக்கெல்லாம் தெரிஞ்ச கெட்ட காலம்," என்று அவர் சிரித்தார். ஆசிரியர்கள் ச்சு கொட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் மகள் பாலுக்கு அழுததைச் சொல்லத் தொடங்கினார்.

நான் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தேடிய மருந்து அதற்குள்தான் இருந்தது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் அக்கா அதற்குள் நின்றுதான் குரவை போட்டாள். விரல் நுனியளவு இடம். அதைத் தாண்டிக் கோடு மறுபடி ஏறியது. விரிவுரையாளர் அந்த ஏற்றத்தைக் கம்பால் தொட்டுக் காட்டி, மீண்டுவிட்டோம் என்றார்.

நான் கை உயர்த்தினேன். "சேர், இந்த ரெண்டு கோட்டையும் பிரிக்க ஏலாதா? வருமானம் ஏற, புகை மட்டும் இறங்க?"

அவர் நல்ல பிள்ளை, மழுப்பவில்லை. "பணக்கார நாடுகள் சிலது பிரிச்சிட்டம் எண்டு சொல்லுது, டீச்சர். அவங்கட சட்டையும் இரும்பும் வேற நாட்டிலதானே செய்யிது. புகை அங்க, பொருள் இவங்களுக்கு. அதையும் சேத்துப் பாத்தா அவ்வளவாப் பிரியல்ல. நம்மளப் போல நாட்டுக்கு..." என்று இழுத்தார். "வீடு கட்ட வேணாம், லைட் போட வேணாம் எண்டு ஆரெட்டச் சொல்ற?" பிறகு தேநீர் இடைவேளை. வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. அந்த வருஷத்து வெயிலில் வாவித் தண்ணீர் சுட்டு, செத்த மீன் கரையில் ஒதுங்கியிருந்தது. மழை வரவேண்டிய மாதத்தில் வரவில்லை. வந்தபோது வட்டையோடு சேர்த்துக் கொண்டுபோனது. அதுவும் அதே கோடுதான், நீளமாகப் பார்த்தால்.

வீட்டில் அக்கா கட்டிலோடு ஆனாள். விட்ட இடத்திலிருந்து அல்ல, அதைவிட மோசமான இடத்திலிருந்து முட்டு பிடித்தது. யன்னலைத் திறந்தால் புகை, பூட்டினால் அவிச்சல். அதனால் அவளுடைய அறைக்கு ஏசி போட்டேன். பிறகு காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து மூக்குக் குழாயில் விடும் மெஷின் வந்தது. அது இரவு பகல் ஓடவேண்டும். கரண்ட் நின்றால் அக்கா நிற்பாள். அந்தக் கரண்ட் எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், பாடமே எடுத்திருக்கிறேன். நாட்டின் மறுகரையில் மலை மலையாக நிலக்கரி எரிக்கிறார்கள். முன்பு கரண்ட் போனால் பிள்ளைகளோடு சேர்ந்து ஹூ போடுகிற நான், இப்போது மின்சார சபை செழிக்கவேண்டும், நிலக்கரிக் கப்பல் தவறாமல் வரவேண்டும் என்று கும்பிடத் தொடங்கினேன்.

அக்கா அதையும் பகிடியாக்கினாள். மூச்சு விட்டு விட்டுத்தான் பேசுவாள். "இப்ப நானும் ஒரு பக்டரி... புள்ள. கரண்டக் குடிச்சி... சும்மா கிடக்கிற பக்டரி."

பொறுக்காமல் ஒருநாள் வேலிக்குப் போய் மச்சானைக் கூப்பிட்டேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். மனிதர் அக்கா எப்படி என்று கேட்டதும் கொண்டுபோன ஏச்சையெல்லாம் விட்டுவிட்டேன். வாடியை வேறு பக்கம் மாற்ற முடியாதா என்று கேட்டேன்.

"களி இஞ்சதானே கிடக்கு டீச்சர் மச்சாள்," என்றார். "நான் நிப்பாட்டினா அங்கால ஒருத்தன் சுடுவான். கல்லுக் கேக்கிற ஆக்கள் கேட்டுக்கிட்டுத்தான் இரிப்பாங்க." குத்திக் காட்டுவது போல அல்ல, உண்மையான கவலையோடுதான் சொன்னார். "உங்கட பள்ளிக்கூடத்துப் புது மாடிக்கும் என்ட கல்லுத்தான்."

எனக்குத் தெரியும். அந்த மாடி வேண்டும் என்ற மனுவை எழுதியதே நான். எங்கள் வீட்டுச் சுவரும் அந்த வாடிக் கல்தான். அக்கா சாய்ந்திருக்கும் சுவர்.

"சடங்குக் கிழமையாவது..." என்றேன்.

"அது அம்மன்ட விசயம். நெருப்பு வெக்கமாட்டன்."

அவர் வாக்கு மாறவில்லை. கதவு திறப்பதற்கு முந்தின நாளே வைத்துவிட்டார். சூளை ஒருமுறை பற்றினால் நாட்கணக்கில் எரியும். இடையில் தணித்தால் உள்ளே இருக்கும் அத்தனை கல்லும் நாசம். கடற்கரை ஹோட்டலுக்கு அவசரமான ஓடர். கோயில் ஆட்கள் கூடிப் பேசினார்கள். கதவு திறந்தபிறகு வைத்தால்தானே குற்றம், இது முன்னமே எரிகிற நெருப்பு, அதை அணைக்கவேண்டும் என்று வழக்கத்தில் இல்லையே என்று முடிவானது. கோயில் மதில் வேலையும் பாதியில் கிடந்தது, அதற்கும் கல் வேண்டும். அம்மனுக்கு ஒரு பூசை கூடுதலாகச் செய்வதாக மச்சான் ஒப்புக்கொண்டார். இப்படி, எனக்குத் தெரிய முதல் தரமாக, அம்மன் குளிரவேண்டிய கிழமையில் எங்கள் வளவில் சாம்பல் விழுந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

குளிர்த்தி அன்று விடியற்காலை. வாழ்க்கையில் முதல் தரமாக இரண்டு பேரும் கோயிலுக்குப் போகவில்லை. யன்னல் பூட்டி, ஏசி ஓடி, மெஷின் முனகிக்கொண்டிருந்தது. கட்டாடியார் பாடுவது ஒலிபெருக்கியில் கேட்டது. அக்காவைத் தலையணைகளில் நிமிர்த்தி இருத்தியிருந்தேன். நன்றாக உடுத்திவிடச் சொல்லிக் கேட்டாள், பச்சைச் சேலை கட்டிவிட்டேன். பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் நின்றது. ஏசி நின்றது. மெஷின் கீச்சென்று ஒருமுறை கத்திவிட்டு நின்றது.

கரண்ட் போய்விட்டது. பெரியாஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். ஊரில் உள்ள ஓட்டோக்களெல்லாம் கோயிலடியில், கூட்டத்துக்கு நடுவில். நான் வேலிக்கு ஓடி மச்சான், மச்சான் என்று குழறினேன். சூளையைப் பார்த்துக்கொள்ள அவர் கோயிலுக்குப் போகாமல் நின்றிருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். களி அரைக்கும் மெஷினுக்கு வைத்திருந்த ஜெனரேட்டரைத் தானும் ஒரு வேலையாளுமாகத் தூக்கி, வேலியை மிதித்துச் சாய்த்துக்கொண்டு ஓடி வந்தார். வயர் எட்டவில்லை. அக்காவின் யன்னலடியில்தான் வைக்கவேண்டி வந்தது. யன்னலைத் திறந்து வயரை உள்ளே எடுத்தேன். இரண்டு தரம் இழுத்தார், மூன்றாம் தரம் அது பிடித்தது. கரும்புகை ஒன்று கக்கிவிட்டு ஓடத் தொடங்கியது. மெஷினில் பச்சை வெளிச்சம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் கைகூப்பினேன். அம்மனை அப்படிக் கும்பிட்டதில்லை.

குழாயில் காற்று வந்தது. யன்னலால் டீசல் புகையும் சூளைப் புகையும் வந்தன. அக்காவின் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது.

அவள் கையை உயர்த்தினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை என்று தலையாட்டினாள். காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கோயில் பக்கம். ஒலிபெருக்கி இல்லாமல் கட்டாடியார் வெறும் குரலில் பாடிக்கொண்டிருப்பார், பாட்டு நிற்கும் இடம் வந்திருக்கும். பெண்கள் குரவை போடுகிற நேரம். ஜெனரேட்டரின் இரைச்சலில் எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அக்கா விரல்களைச் சேர்த்துத் திறப்பைத் திருகி அணைப்பது போலத் திருகிக் காட்டினாள்.

"ஒருக்கா," என்றாள். உதடுதான் அசைந்தது. "கேக்கணும்."

மச்சான் யன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தார். கை தன்னால் ஜெனரேட்டரின் சுவிட்சுக்குப் போனது. "நிப்பாட்டவா டீச்சர் மச்சாள்? ஒரு நிமிசம்தானே?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி வைத்தேன்.

"ஓடட்டும்," என்றேன். "டீசல் எவ்வளவு இரிக்கு மச்சான்?"